புதுவீட்டார் சவரிமுத்து

ஊர்ப் பெயர் காஞ்சிப் பெருமாளுடையது. ஊரில் இருப்பவர்களின் பெயர்கள் கத்தோலிக்கப் புனிதர்களுடையவை. அரியலூர் மாவட்டத்தில், ஆண்டிமடத்துப் பக்கம், செம்மண் நிலத்து முந்திரிக்கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறது வரதராஜன்பேட்டை. அலங்கார அன்னை கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது யாராவது ‘சவரிமுத்து’ என்று குரல் கொடுத்தால் திரும்பிப் பார்ப்பவர் ஒருவராக இருக்க மாட்டார். ‘ஆரோக்கியசாமி’ என்று கூப்பிட்டால் இன்னும் நாலைந்து தலைகள் கூடுதலாகத் திரும்பும்.

குடும்பப்பெயர்களை ஆராய்வதற்கென்றே ஓர் அறிவியல் உண்டு. கணிதமும் மரபியலும் மக்கள்தொகைக் கணக்கும் கலந்த துறை அது. ஒரு பெயர் எங்கே பிறந்தது, எத்தனை பேரிடம் இருக்கிறது, எப்போது அழியும், அந்தப் பெயருள்ளவர்கள் ஒருவருக்கொருவர் உறவா என்றெல்லாம் அது கேட்கும். ஐரோப்பாவிலும் சீனாவிலும் அந்தக் கேள்விகளுக்கு நல்ல விடைகள் கிடைத்திருக்கின்றன. அதே கேள்விகளைச் சவரிமுத்துவிடம் கேட்டால் பாதிக்கு மேல் தலைகீழான விடைகளே வருகின்றன. அதனால்தான் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டேன்.

முதலில் பிறந்த இடம். ‘முத்து’ நம்முடையது, மாரிமுத்து, பச்சைமுத்து, காளிமுத்து வரிசையில் வருவது. ‘சவரி’ என்பது சவேரியார், அதாவது புனித பிரான்சிஸ் சவேரியார். போர்த்துகீசியர் அவர் பெயரின் முதலெழுத்தை ‘ஷ’ என்று ஒலித்தார்கள். தமிழ் வாய் அதைச் ‘ச’ ஆக்கி, கடைசியில் மரியாதைக்கு ‘ஆர்’ சேர்த்தது. மகனுக்கு வைக்கும்போது மரியாதை விகுதி தேவையில்லை. எனவே சவரிமுத்து, சவரிராஜ், சவரியப்பன், பெண்ணுக்குச் சவரியம்மாள்.

வேடிக்கை இனிமேல்தான். சவேரியார் என்பது அவருடைய ஆள்பெயரே அன்று. அவர் பிரான்சிஸ். 1506 ஏப்ரல் 7ஆம் தேதி, இன்றைய ஸ்பெயினின் வடக்கே நவார்ராவில், ஹவியேர் என்ற கோட்டைவீட்டில் பிறந்தார். பாஸ்க் மொழியில் ‘எச்சே பெர்ரி’ என்றால் புதுவீடு. அது தேய்ந்துதான் அந்த இடத்துக்குப் பெயரானது. பாஸ்க் மக்களிடம் ஆளைவிட வீடு பெரியது; எந்த வீட்டில் வாழ்கிறாரோ அந்த வீட்டின் பெயரே குடும்பத்தின் பெயர். அந்த வீடுகூட அவருடைய அப்பா வழி வந்ததில்லை. அப்பா ஹாசோ குடும்பத்தவர். கோட்டை அம்மாவின் சீதனம். ஆகத் தாய்வழி வந்த ஒரு வீட்டுப்பெயரை ஆள்பெயராக்கி நாம் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டோம். நம் ஊர்களில் இன்றும் ‘புதுவீட்டார்’ என்று சில குடும்பங்களுக்குப் பெயர் இருக்கிறதே, சவரிமுத்து அதே ஆசாமிதான்.

சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் வருவதற்குள் அங்கே பெரிய அளவில் ஞானஸ்நானம் நடந்து முடிந்திருந்தது. 1535 முதல் 1537 வரை பரதவர் ஊர் ஊராகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். போர்த்துகீசியர் ஞானத்தந்தையராக நின்றார்கள். அவர்களுடைய குடும்பப்பெயர்கள் பரதவர் குடும்பங்களில் ஒட்டிக்கொண்டன. பர்னாந்து, கொஸ்தா, ரோட்ரிகோ, மச்சாது, மோத்தா என்று தூத்துக்குடிப் பக்கம் இன்றுவரை தலைமுறை தலைமுறையாக வருபவை அவை. தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்து பெயரைக் கேள்விப்படாதவர் அந்த ஊரில் இருக்க முடியாது. இலங்கையில் பர்னாந்துவும் பெரேராவும் சில்வாவும் சிங்களவர், தமிழர் இருவரிடமும் உண்டு.

கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வாருங்கள், இந்தப் பெயர்கள் காணாமல் போகும். கொள்ளிடத்துக்கு வடக்கே மச்சாதுவும் அரிது, மோத்தாவும் அரிது. ஞானஸ்நானம் கொடுத்த ஆட்கள் வேறு, முறை வேறு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி தன் பெயரையே தத்துவ போதகர் என்று மாற்றிக்கொண்டார். ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். எபிரேயத்தில் ஜான் என்பதற்கு இறைவன் அருளுடையவன் என்று பொருள். அருளப்பர், அருளானந்தர் எல்லாம் அதிலிருந்து வந்தவை. 1711இல் தமிழகம் வந்த பெஸ்கி முதலில் தைரியநாதர், பிறகு வீரமாமுனிவர். இதே அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர் அவர்தான். தேம்பாவணியில் சூசையப்பரை ‘வளன்’ ஆக்கியவரும் அவரே. யோசேப்பு என்ற எபிரேயப் பெயரில் பெருகுதல், சேர்தல் என்ற பொருள் இருப்பதைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை அது. லத்தீனில் பவுல் என்றால் சிறியவர்; அவர் நமக்குச் சின்னப்பர். இந்தப் பாதிரிமார் புனிதர்களைத் தமிழாக்கினார்களே தவிர, குடும்பப்பெயர் ஒன்றைச் சுமத்தவில்லை. வரதராஜன்பேட்டையில் இன்று நாம் கேட்கும் பெயர்களின் வேர் கோவாவில் இல்லை, இந்த மதுரை மிஷனில் இருக்கிறது.

ஆகவே வரதராஜன்பேட்டைச் சவரிமுத்துவுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும் உண்டு. ஆ. சவரிமுத்துவின் மகன் ச. ஆரோக்கியசாமி, அவர் மகன் ஆ. சவரிமுத்து. அப்பா பெயர் ஒரு தலைமுறை மட்டும் தாங்கி நின்று, பிறகு உதிர்ந்துவிடும். உடையார், படையாட்சி, பிள்ளை போன்ற பட்டங்கள் பழைய பத்திரங்களில் உண்டு என்று சொல்லலாம். அவை ஒரு சாதி முழுவதற்கும் பொது, ஒரு குடும்பத்தைக் காட்டா. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களை விடச் சொன்ன பிறகு தமிழ்நாட்டில் அவையும் பெயரிலிருந்து பெரும்பாலும் போய்விட்டன. போனது நல்லது.

இந்த முறையின் அழகு தெரிய வேண்டுமானால் ஒரு புகழ்பெற்ற குடும்பத்தைப் பார்க்கலாம். தாத்தா சந்திரசேகரன். அவர் மகன்களில் ஒருவர் சி. வி. ராமன், 1930இல் நோபல் பரிசு பெற்றவர். இன்னொரு மகன் சி. சுப்ரமணியன். அந்தச் சுப்ரமணியனின் மகன் எஸ். சந்திரசேகர், வெண்குறு விண்மீன்களின் எடை வரம்பைக் கணக்கிட்டு 1983இல் நோபல் பெற்றவர். ஒரே வீட்டில் இரண்டு நோபல். பெயர்ப் பட்டியலை மட்டும் பார்க்கும் வெளிநாட்டுக்காரருக்கு ராமனும் சந்திரசேகரும் உறவு என்று ஊகிக்க வழியே இல்லை. தாத்தாவின் பெயர் மகன்களைத் தாண்டிப் பேரனிடம் போய் உட்கார்ந்திருக்கிறது. ‘பெயரன்’ என்பதே பேரன் ஆயிற்று என்று தமிழாசிரியர்கள் சொல்வது சும்மா இல்லை.

இனி அறிவியலுக்கு வருவோம். 1873இல் பிரிட்டனில் பிரான்சிஸ் கால்டன் ஒரு கணக்குப் புதிர் போட்டார். பெரிய குடும்பங்களின் பெயர்கள் ஏன் அடிக்கடி அற்றுப்போகின்றன? வம்சத்தில் ஏதோ சத்து குறைகிறதா, அல்லது வெறும் தற்செயலா? ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார் கணிதத்தில் தேர்ந்தவர். அவர் விடை தேடினார். இருவரும் சேர்ந்து எழுதியது 1870களின் நடுவில் வெளிவந்தது. இன்று அணுக்கருப் பிளவுத் தொடர்வினையிலும் கொள்ளைநோய்ப் பரவலிலும் பயன்படும் கால்டன்–வாட்சன் முறை பிறந்தது இந்தக் குடும்பப்பெயர்க் கேள்வியிலிருந்துதான்.

கணக்கு நமக்கும் எட்டக்கூடியது. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்று எல்லாக் குடும்பத்திலும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பெண்ணாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு. ஒன்று ஆண், ஒன்று பெண் என்பதற்கு நாலில் இரண்டு. இரண்டும் ஆண் என்பதற்கு நாலில் ஒன்று. குடும்பப்பெயர் ஆண்வழி மட்டும் போகும் நாட்டில், முதல் தலைமுறையிலேயே ஒரு பெயர் அற்றுப்போக 25 விழுக்காடு வாய்ப்பு. இரண்டாம் தலைமுறைக்குள் அற்றுப்போவது மூன்று வழியில் நடக்கலாம்: முதலிலேயே மகன் இல்லாமை, ஒரு மகன் இருந்து அவனுக்கு மகன் இல்லாமை, இரண்டு மகன்கள் இருந்து இருவருக்குமே இல்லாமை. 0.25 உடன் 0.125, பிறகு 0.0156, கூட்டினால் 39 விழுக்காடு. இப்படியே போனால் ஐந்தாம் தலைமுறைக்குள் 60, பத்தாம் தலைமுறைக்குள் 74 விழுக்காடு. நூறு ஆண்கள் நூறு பெயரோடு தொடங்கினால், சுமார் 250 ஆண்டு கழித்து மக்கள்தொகை ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். பெயர்கள் மட்டும் 26தான் இருக்கும். யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. சத்தும் குறையவில்லை. பெண் பிறந்தாள், அவ்வளவுதான்.

பழைய குடும்பப்பெயர் முறை உள்ள நாடுகளில் பெயர்கள் குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சீனாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். முதல் நூறு பெயர்களுக்குள் நாட்டின் 85 விழுக்காடு மக்கள் அடங்கிவிடுகிறார்கள். கொரியாவில் ஐவரில் ஒருவர் கிம். ஜப்பானில் சாதாரண மக்கள் எல்லாரும் குடும்பப்பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று 1875இல்தான் சட்டம் வந்தது. அங்கே இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் பெயர்கள் புழங்குகின்றன. களைவதற்குக் காலம் போதவில்லை.

சவரிமுத்துவை இந்தக் கணக்கு தொட முடியாது. மகன் இல்லாவிட்டால் என்ன, மகள் வயிற்றுப் பேரனுக்கு வைப்பார்கள். பேத்தி பிறந்தால் சவரியம்மாள். தலைப்பிள்ளைக்கு அப்பா வழித் தாத்தா, அடுத்ததற்கு அம்மா வழித் தாத்தா என்று பல குடும்பங்களில் வரிசையே உண்டு. யாருமே அந்த வம்சத்தில் மிஞ்சாவிட்டாலும், டிசம்பர் 3 சவேரியார் திருநாளை ஒட்டிப் பிறந்த எவர் வீட்டுப் பிள்ளைக்கோ அந்தப் பெயர் திரும்ப வந்துவிடும். அற்றுப்போன இங்கிலாந்துப் பெயர் அற்றுப்போனதுதான். இங்கே கோயிலில் வற்றாத இருப்பு இருக்கிறது.

மரபியல் பாஷையில் சொன்னால், மேலைநாட்டுக் குடும்பப்பெயர் ஒய் குரோமோசோம் போகும் வழியில் போகிறது: அப்பாவிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு, வேறெங்கும் திரும்பாது. நம் பெயர் மற்ற குரோமோசோம்களின் வழியில் போகிறது. இரண்டு தாத்தா, இரண்டு பாட்டி, நால்வரில் எவரிடமிருந்தும் வரலாம். நடுவில் ஒரு தலைமுறை மறைந்தும் இருக்கலாம். இது ஒப்புமை மட்டுமே. ஆனால் மரபணுவின் பெரும்பகுதி இப்படித்தான் இறங்குகிறது என்பதால், தமிழ்ப் பெயரிடும் வழக்கம் உயிரியலின் முழு உண்மைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன். பாட்டியையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது அல்லவா?

இங்கே ஒரு சிறு சங்கடமும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது பழைய கட்டு. மாமனார் பெயரையே பிள்ளைக்கு வைத்த பிறகு அவள் எப்படிக் கூப்பிடுவாள்? ‘தம்பி’, ‘ராசா’, ‘சின்னவன்’. பதிவேட்டில் சவரிமுத்துவாக இருப்பவர் தெருவில் கடைசிவரை சின்னவராகவே இருந்துவிடுவதும் உண்டு.

ஒய் குரோமோசோமைக் குடும்பப்பெயரோடு ஒட்டிப் பார்த்த ஆய்வுகளில் புகழ்பெற்றது பிரையன் ஸைக்ஸ் 2000இல் வெளியிட்டது. தன் பெயரையே எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று தொடர்பு தெரியாத ஸைக்ஸ் என்ற ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்தார். ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஒரே அமைப்பு இருந்தது. சில நூற்றாண்டுகளுக்கு முன் ஒரே ஒருவரிடமிருந்து அந்தப் பெயர் கிளைத்திருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். பிறகு லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் நாற்பது பெயர்களைச் சோதித்தபோது, அரிய பெயர்களில் இந்த ஒற்றுமை கூடுதலாகவும், ஸ்மித் போன்ற பொதுப்பெயரில் இல்லாமலும் இருந்தது. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் உண்டு, அவர்களுக்குள் உறவு இருக்க வேண்டியதில்லை. வரதராஜன்பேட்டையில் இருபது சவரிமுத்துக்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்தால் ஸ்மித்தைவிடக் குறைவாகவே பெயர் பேசும். பெயரும் அந்தக் குரோமோசோமும் ஒரே பாதையில் வரவே இல்லையே.

இன்னொரு முறை இதைவிடச் சுவையானது. ஜார்ஜ் டார்வின், சார்ல்ஸ் டார்வினின் மகன். அவருடைய பெற்றோர் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எம்மா வெட்ஜ்வுட் சார்ல்ஸின் மாமன் மகள். நாட்டில் இப்படிப்பட்ட கல்யாணம் எத்தனை என்று அறிய ஜார்ஜ் 1875இல் ஒரு தந்திரம் செய்தார். மணமகன், மணமகள் இருவருக்கும் ஒரே குடும்பப்பெயராக இருக்கும் கல்யாணங்களை எண்ணினார். தற்செயலாகப் பெயர் ஒத்திருப்பதைக் கழித்தார். மிச்சத்தை வைத்து உறவுக் கல்யாணங்களை மதிப்பிட்டார். 1965இல் ஜேம்ஸ் குரோவும் ஆர்தர் மாங்கேயும் இதை முழுமையான மரபியல் சூத்திரமாக்கினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் தொலைபேசிப் புத்தகத்தையும் வாக்காளர் பட்டியலையும் வைத்தே மக்களின் நெருக்கத்தை அளந்திருக்கிறார்கள்.

நம் ஊரில் எல்லாருக்கும் நாளைக்கே ஒரு குடும்பப்பெயர் கொடுத்துவிட்டாலும் இந்த முறை படுத்துவிடும். அப்பா வழிப் பெயர் ஒத்துப்போவது யாரோடு? பெரியப்பா மகள், சித்தப்பா மகள். அவள் நமக்குத் தங்கை. பங்காளி வீட்டில் பெண் எடுப்பதாவது! நாம் கட்டுவது மாமன் மகளை, அத்தை மகளை, சில வீடுகளில் அக்காள் மகளை. மூவருமே வேறு வீட்டுப் பெண்கள், வேறு பெயர். ஆக ஒத்த பெயர்க் கல்யாணம் சுழியாக வரும். ‘இந்த ஊரில் உறவுக் கல்யாணமே இல்லை’ என்று சூத்திரம் அறிவிக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் கால்பங்குக்கும் மேல் உறவுக்குள் நடந்தவை. மாமன் மகளைக் கட்டினால் பிறக்கும் பிள்ளையிடம், ஒரே மூதாதையிடமிருந்து வந்த மரபணுவின் இரு பிரதிகளும் ஒன்றாக இருக்க 16இல் ஒரு வாய்ப்பு. அக்காள் மகளைக் கட்டினால் 8இல் ஒன்று. அரிய மரபணுக் குறைபாடுகள் வெளிப்படுவதற்கு இதுதான் வாசல். பெயர்ப் பட்டியல் இதைப் பற்றி வாய் திறக்காது.

அப்படியானால் நம் ஊரின் வம்சத்தை எதைக் கொண்டு அறிவது? விடை பங்கு அலுவலகத்து இரும்பு அலமாரியில் இருக்கிறது. 1563இல் திரெந்து சங்கம் திருமணப் பதிவேடு வைக்கச் சொல்லிக் கட்டளையிட்டதிலிருந்து கத்தோலிக்கக் கோயில்களில் இது சட்டம். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். வரிசை எண், பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, பிள்ளையின் பெயர், அப்பா, அம்மா, ஞானத்தந்தை, ஞானத்தாய், கொடுத்த குருவின் கையெழுத்து. ஓரத்தில் வேறு மையில் ஒரு குறிப்பு: இருபத்தைந்து ஆண்டு கழித்து இவர் எந்தப் பங்கில், யாரைக் கல்யாணம் செய்தார் என்பது. கல்யாணம் எங்கே நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு எழுதி அனுப்பி, இந்த ஓரத்தில் ஏற்ற வேண்டும் என்பது திருச்சபை விதி. அம்மாவின் பெயரை அழிக்காமல் வைத்திருக்கும் ஆவணம் இது. குடும்பப்பெயரால் ஒருபோதும் முடியாத காரியம்.

கல்யாணத்துக்கு முன்னே ஓலை வாசிக்கிறார்களே, மூன்று ஞாயிறு பூசையில், ‘தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும்’ என்று, அந்தத் தடைகளில் முக்கியமான ஒன்று இரத்த உறவு. மாமன் மகளைக் கட்ட வேண்டுமானால் மறைமாவட்டத்திலிருந்து விலக்கு வாங்க வேண்டும். அந்த விலக்கில் என்ன உறவு என்று எழுதியிருக்கும். இத்தாலியில் லூயீஜி லூக்கா கவால்லி-ஸ்போர்சா என்ற மரபியலாளர் 1950களில், அந்தோனியோ மொரோனி என்ற குருவின் துணையோடு, பார்மா பள்ளத்தாக்கு ஊர்களின் பங்குப் பதிவேடுகளையும் இதே விலக்குத் தாள்களையும் எடுத்துத்தான் ஆராய்ந்தார். மலைமேல் இருந்த சிறு ஊர்களில் இரத்த வகைகள் ஊருக்கு ஊர் ஏன் தாறுமாறாக மாறின என்பதற்கு, தற்செயலே காரணம் என்று அவரால் காட்ட முடிந்தது. வரதராஜன்பேட்டை அடங்கிய கும்பகோணம் மறைமாவட்டம் 1899இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது. அதன் பங்குகளில் இருக்கும் பதிவேடுகளை இப்படி யாராவது உட்கார்ந்து படித்தால் தமிழக மரபியலுக்குக் கிடைக்கக்கூடியது சிறிதல்ல.

குடும்பப்பெயர் இல்லாததால் அறிவியலுக்கு நட்டம் என்பாரும் உண்டு. ஐஸ்லாந்தைப் பாருங்கள். அங்கேயும் நம்மைப்போல அப்பா பெயர்தான், ஒரு தலைமுறைக்கு. தொலைபேசிப் புத்தகமே ஆள்பெயர் வரிசையில் இருந்தது. 1703இலேயே நாடு முழுவதும் ஆள் ஆளாகக் கணக்கெடுத்தார்கள். கோயில் பதிவுகளும் இருந்தன. உலகத்தின் மிகச் சிறந்த மரபியல் ஆராய்ச்சிகளில் சில, 1996இல் தொடங்கிய டீகோட் நிறுவனத்தின் வழியாக அந்த நாட்டிலிருந்து வந்தவை. அவர்களுக்குக் கைகொடுத்தது பதிவேடு, குடும்பப்பெயர் அன்று.

நம்மிடமும் குடும்பப்பெயர் அடியோடு இல்லாமல் இல்லை. ஒரு தெருவில் நாலு சவரிமுத்து இருந்தால் தபால்காரருக்கு எப்படிச் சொல்வது? உபதேசியார் வீடு, பட்டாளத்தார் வீடு, மேட்டுவீட்டார், கணக்குப்பிள்ளை வீடு. இப்படி ஊருக்கு ஊர். ஒரு காலத்து ஆளின் வேலையோ வீடிருந்த இடமோ உடம்பு அடையாளமோ பெயராகி, பட்டாளத்துக்குப் போனவர் செத்துப் பல காலம் ஆன பிறகும் பேரன் பிள்ளைகள் பட்டாளத்தாராகவே இருப்பார்கள். ஆண்வழி இறங்குவது, பங்காளிகளுக்குப் பொதுவாக இருப்பது, சம்பந்தம் பேசும்போது முதலில் கேட்கப்படுவது என்று குடும்பப்பெயரின் இலக்கணம் முழுக்க இதில் இருக்கிறது. எந்தச் சான்றிதழிலும் ஏறாது, அவ்வளவே. நவார்ராவின் ‘புதுவீடு’ ஏட்டில் ஏறியது. நம் புதுவீட்டார் ஏறவில்லை.

நம் ஆள்பெயர்களே கூட ஓரளவு ஊர் சொல்லும். அடைக்கலம், அடைக்கலசாமி என்றால் ஏலாக்குறிச்சி வாசம் அடிக்கும். பெரியநாயகம் என்றால் கடலூர் மாவட்டத்துக் கோணான்குப்பம், தேவசகாயம் என்றால் கன்னியாகுமரி, தஸ்நேவிஸ் என்றால் சந்தேகமே வேண்டாம், தூத்துக்குடிப் பனிமய மாதா. அலங்காரமேரியைக் கும்பகோணம் மறைமாவட்டத்துக்குள் தேடலாம். கும்பகோணம் பேராலயமும் அலங்கார அன்னையுடையதுதான். காலமும் சொல்லும். லூர்து நகரில் மாதா காட்சி 1858இல். எனவே லூர்துசாமி எவரும் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. பாத்திமா மேரி 1917க்குப் பிந்தியவர். ஆரோக்கியம் மட்டும் எங்கும் இருப்பார்; வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளாத ஊர் ஏது?

இந்தப் பெயர்கள் உறைந்து குடும்பப்பெயராகும் காலம் இப்போது வந்திருக்கிறது. தமிழருக்கு இது முதல் முறை அன்று. பக்கத்துப் புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. மத, சாதி வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர விரும்புவோர், குடும்பத்துக்கென்று ஒரு பெயரைத் தேர்ந்து பதிய வேண்டும். அந்த இயக்கத்தை முன்நின்று நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி தேர்ந்த பெயர் ‘லபோர்த்’. பிரெஞ்சில் கதவு என்று பொருள். வேறு பலர் அப்பா பெயரையே நிரந்தரமாக்கினார்கள். ரீயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களுக்குத் தேர்வும் இருக்கவில்லை. கப்பல் பட்டியலில் எழுதியிருந்த ஆள்பெயர், குமாஸ்தாவின் எழுத்துப்பிழையோடு, வம்சப்பெயராயிற்று. ராமசாமி அங்கே குடும்பப்பெயர். மலேசியாவும் சிங்கப்பூரும் வேறு வழி பிடித்தன. ‘இன்னாரின் மகன்’ என்று பெயருக்கு நடுவே குறி போட்டு, அப்பா பெயரை ஒரு தலைமுறைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டன. எனக்குப் பிடித்தது அந்த ஏற்பாடுதான்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் ஆள்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். இரண்டாவதைக் காலியாக விடலாம். விட்டால் வெளிநாட்டில் தொல்லை. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் தள்ளிவிட்டு, ஆள்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக ‘எஃப்என்யு’ என்று அச்சடிப்பார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ‘தெரியவில்லை’ ஆகிவிடும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றது. வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு அரியலூர்ப் பக்கம் குறைவு. ஆக அப்பா பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஏறுகிறது. சவரிமுத்துவின் மகன் துபாயில் ‘மிஸ்டர் சவரிமுத்து’. அவருடைய பிள்ளை அங்கேயோ கனடாவிலோ பிறந்தால் அதற்கும் சவரிமுத்துவே. நவார்ராவில் ஒரு வீட்டின் பெயராக இருந்தது, புனிதரோடு கப்பலேறி, அரியலூரில் ஆள்பெயராகி, இப்போது வெளிநாட்டில் திரும்பக் குடும்பப்பெயர் ஆகிறது.

‘சவரிமுத்து என்ற குடும்பப்பெயர் உலகில் இத்தனை ஆயிரம் பேருக்கு’ என்று எங்காவது எண்ணிக்கை பார்த்தால் உடனே நம்பிவிடாதீர்கள். அதில் ஒரு தலைமுறைச் சவரிமுத்துக்களும் உறைந்துபோன சவரிமுத்துக்களும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பார்கள். போதாக்குறைக்கு ஆங்கில எழுத்து வேறு. நடுவில் ‘ஏ’ போடுவோர் உண்டு, ‘ஈ’ போடுவோர் உண்டு. கடைசியில் ‘டிஎச்’, அல்லது யாழ்ப்பாணத்தில் வழங்குவதுபோல இரட்டை ‘டி’. இதிலேயே நாலு வடிவம். கணினிக்கு நாலும் வெவ்வேறு குடும்பம். கூடப்பிறந்த அண்ணனும் தம்பியும் இரண்டு எழுத்தில் பாஸ்போர்ட் எடுத்தால், அவர்கள் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கவே முடியாது.

எனவே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் வீடுகளுக்கு இரண்டு வேண்டுகோள். கூடப்பிறந்தவர் எல்லாருக்கும் அப்பா பெயரை ஒரே ஆங்கில எழுத்தில் கொடுங்கள். போவதற்கு முன்னால் உங்கள் ஞானஸ்நானம், பெற்றோர் ஞானஸ்நானம், அவர்கள் திருமணம் ஆகியவற்றின் சான்றுகளைப் பங்கு அலுவலகத்தில் கேட்டு வாங்கி, நாலு பாட்டன் பாட்டியரின் பெயரோடும் அவர்களுடைய வீட்டுப்பெயரோடும் ஒரு தாளில் எழுதி, பிள்ளைகள் கையில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.